நாலு சக்கர பைக்கு நம்ம தோட்டத்துக்கு எதுக்குங்க?

போன மாசம் மட்டும் மூணு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. "அண்ணா, தோட்டத்துக்கு ஒரு ஏடிவி எடுக்கலாம்னு இருக்கேன். வேலைக்கும் ஆச்சு, ஆசைக்கு ஓட்டவும் ஆச்சு. எது நல்லாருக்கும்?" ஒருத்தர் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்துகொண்டே இங்கே தென்னந்தோப்பு வாங்கியவர். இன்னொருத்தர் என் பங்காளி மகன். மூணாவது ஆள் பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், போனில் மட்டும்தான் பழக்கம். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்குதுங்க. ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். கோவம் வந்தாலும் வரட்டும்.

என் பதில்: வேண்டாம்.

எந்தக் கம்பெனி நல்லது, எத்தனை சிசி என்ற பேச்சுக்கே நான் வரவில்லை. வேலைக்கும் சவாரிக்கும் சேர்த்து ஒரே வண்டி என்று எவன் விற்க வந்தாலும், அது நம்ம தோட்டத்தில் ஆறு மாசத்தில் சவாரிக்கு மட்டும்தான் நிற்கும். அதுக்கப்புறம் சாளையில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கும். மூடிக் கிடந்தால்கூடப் பரவாயில்லை, பணம் போச்சு என்று விட்டுவிடலாம். ஆளை அமுக்கினால் என்ன செய்வது?

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மகாபலிபுரம் ரோட்டில் கடற்கரையோரம் காசு வாங்கிக்கொண்டு ஒரு சுற்று ஓட்ட விடுவார்களே, பலூன் மாதிரி உப்பின நாலு டயரும் பைக் மாதிரி ஹேண்டில்பாரும் உள்ள வண்டி, அதுதான். மெரினாவில் போலீஸ்காரர்கள்கூட மணலில் ரோந்து போவார்கள். குதிரை மேல் உட்கார்ற மாதிரி காலை ரெண்டு பக்கமும் போட்டு உட்காரணும். முன்னாடி ஒரு கேரியர், பின்னாடி ஒரு கேரியர். வலது கட்டைவிரலால் அமுக்கினால் ஆக்சிலேட்டர்.

குதிரை என்று சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. இந்த வண்டி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி விஷயம் அங்கேயே புரிந்துவிடும். 1970ல் ஹோண்டா கம்பெனி அமெரிக்காவில் மூணு சக்கரத்தில் ஒரு வண்டியை இறக்கியது. பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்காது, அந்த மாசங்களில் விற்க ஏதாவது வேணும் என்று அங்கத்திய கடைக்காரர்கள் கேட்டார்கள். அதுக்காகச் செய்த விளையாட்டுச் சாமான் அது. 1971ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில்கூட ஓடும். பிறகுதான் பண்ணைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் சுசூகி நாலு சக்கரத்தில் கொண்டுவந்தது. மூணு சக்கரம் கவிழ்ந்து கவிழ்ந்து ஆட்கள் செத்து, அதிலும் நிறையப் பிள்ளைகள் செத்து, 1988ல் அமெரிக்க அரசோடு கம்பெனிகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அதன் விற்பனை நின்றது. நாலு சக்கரம் மட்டும் மிஞ்சியது.

இதை அதிகம் பயன்படுத்திய பண்ணைகள் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருப்பவை. அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் புல்வெளி. காலையில் ஒருத்தர் ஆட்டையும் மாட்டையும் பார்த்துவிட்டு வேலியைச் சுற்றி வந்தால் அரை நாள் போய்விடும். முன்னே அந்த வேலையைக் குதிரை மேல் போய்ச் செய்தார்கள். அந்தக் குதிரை நின்ற இடத்தில் இந்த வண்டி வந்து நின்றது.

நம்ம பண்ணயத்தில் குதிரைக்கு எப்பங்க இடம் இருந்தது? அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்குக் குதிரைச் சந்தை கூடும். போய் வேடிக்கை பார்த்துவிட்டு, பொரிகடலை வாங்கிக்கொண்டு வருவோம். நம்ம காட்டை உழுதது, பரம்படித்தது, கவலை இறைத்தது, வண்டி இழுத்தது அத்தனையும் மாடு. மாடு செய்த வேலையை இன்றைக்கு டிராக்டரும் மோட்டாரும் பவர் டில்லரும் செய்கின்றன. குதிரை செய்த வேலை ஒன்று நம்மிடம் இருந்ததே இல்லை, அப்புறம் குதிரைக்குப் பதிலாக வந்த வண்டிக்கு என்ன வேலை கொடுப்பீர்கள்? 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒரு குடியானவனுக்குச் சராசரியாக உள்ள நிலம் 0.75 ஹெக்டேர். ரெண்டு ஏக்கருக்கும் குறைவு. கிணத்து மேட்டில் நின்று "ஏய்" என்று கூப்பிட்டால் கடைசி வரப்பில் இருப்பவருக்குக் கேட்டுவிடும். இதைச் சுற்றிப் பார்க்கவா 300 கிலோ வண்டி?

இனி ஆளை அமுக்குகிற விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏன்னா விற்பவர் யாரும் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

நாலு சக்கரம் இருப்பதால் இது கவிழாது என்று பார்த்தவுடன் தோன்றும். இந்த வண்டியின் முதல் ஆபத்தே அந்த நினைப்புதான். பைக் சாயும் என்று நமக்குத் தெரியும், அதனால் வரப்பில் மெதுவாகப் போவோம், கால் ஊன்றுவோம். இதில் கால் ஊன்ற முடியாது. ஊன்றினால் பின் சக்கரம் ஏறிவிடும். வண்டியின் அகலம் நாலடி. ஆனால் உட்கார்கிற இடம் உயரம், ஆள் எடையும் மேலே. சரிவில் போகும்போதும் திரும்பும்போதும் ஓட்டுகிறவர் தன் உடம்பையே மேட்டுப் பக்கம் தள்ளி உட்கார்ந்து வண்டியை நிறுத்த வேண்டும். காரும் டிராக்டரும் மாதிரி ஸ்டியரிங்கைத் திருப்பினால் போதும் என்கிற வண்டி இல்லை இது. மலிவு மாடல்களில் பின் அச்சு ஒரே தண்டு. ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். மணலில், புல்லில் அது தெரியாது. காய்ந்து இறுகின களத்தில் திரும்பிப் பாருங்க, வண்டி நேராகவே போகப் பார்க்கும். பதட்டத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்போம், அப்போது கட்டைவிரல் தன்னால் ஆக்சிலேட்டரை அமுக்கும்.

இதோடு மருந்தடிக்க 60 லிட்டர் டேங்கைப் பின் கேரியரில் கட்டுங்க. 60 கிலோ தண்ணி, அதுவும் பாதி காலியானதும் பள்ளத்துப் பக்கமாகத் தளும்பும். தண்ணி பாய்ந்த வரப்பின் ஓரம் இளகியிருக்கும். ஒரு சக்கரம் இறங்கினால் போதும்.

எக்ஸெல் விழுந்தால் நாம் ஒரு பக்கம் குதிப்போம், வண்டி ஒரு பக்கம் கிடக்கும். அதன் எடை 90 கிலோகூட இல்லை. முழங்கால் சிராய்ப்போடு எழுந்து, வண்டியை நிமிர்த்தி, யாராவது பார்த்தார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம். இது கவிழ்ந்தால் ஆளோடு சேர்ந்து கவிழும், ஆள் மேலேயே கிடக்கும். நெஞ்சு மேல் 300 கிலோ. வேகமாகப் போயிருக்கவே வேண்டாம், நடக்கிற வேகத்தில் கவிழ்ந்தாலும் இதே கதைதான். எலும்பு உடையாமலே மூச்சு முட்டிச் செத்துப்போவார்கள். தோட்டத்தில் தனியாக இருக்கும்போது யார் வந்து தூக்குவது?

நானாகப் பயமுறுத்துவதற்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீங்க. ஆஸ்திரேலியாவில் வருஷத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் இதில் செத்து, பண்ணைச் சாவுகளில் பெரிய பங்கு இதுக்கே என்று ஆன பிறகு, அங்கத்திய அரசு 2019ல் ஒரு பாதுகாப்பு விதி கொண்டுவந்தது. பண்ணைக்கு விற்கும் புது வண்டி ஒவ்வொன்றும் பக்கவாட்டில் குறைந்தது 28.81 டிகிரி சாய்த்தாலும் கவிழக் கூடாது. எந்தக் கோணத்தில் கவிழும் என்று வண்டியிலேயே சீட்டுக் கட்டித் தொங்கவிட வேண்டும். கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காமல் இடைவெளி விடுகிற ஒரு வளைவுக் கம்பி உட்காரும் இடத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். 2021 அக்டோபரில் எல்லாம் முழுசாக அமலுக்கு வந்தது. பெரிய கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? அந்தக் கம்பியே சில நேரம் ஆளை அடிக்கும் என்று வாதாடிப் பார்த்தன. வாதம் எடுபடவில்லை. ஹோண்டா, யமஹா, போலரிஸ் எல்லாம் அந்த நாட்டில் இந்த வகை வண்டி விற்பதையே நிறுத்திக்கொண்டன.

இந்த வண்டிக்கென்றே பொருத்தமான நிலமும், ஹெல்மெட் போடுகிற பழக்கமும், பயிற்சி வகுப்பும் உள்ள ஊரிலேயே இந்த நிலைமை. இங்கே விற்பவரிடம் "இது எத்தனை டிகிரியில் கவிழும்?" என்று கேட்டுப் பாருங்க. நான் ஒரு கண்காட்சியில் கேட்டேன். ஸ்டால்காரத் தம்பி சிரித்துக்கொண்டே "இது கவிழாது சார், ஃபோர் வீல்" என்றார். வாழைத்தோட்டத்தில் ஒரு நாள் ஓட்டிக் காட்ட முடியுமா என்றேன். டெமோ அந்த மைதானத்துக்குள் மட்டும்தானாம். மைதானம் ரோலர் போட்டு இறுக்கிய கிராவல்.

இன்னொன்று, இது ஒற்றை ஆள் வண்டி. பண்ணை மாடல்களில் நீளமான சீட்டு இருப்பதே ஓட்டுகிறவர் முன்னும் பின்னும் நகர்ந்து எடையைச் சரிபண்ணத்தான். நம்ம ஊரில் நீளமான சீட்டைச் சும்மா விடுவார்களா? பின்னால் ரெண்டு பேர், முன்னால் டேங்க் மேல் பேரன், கேரியரில் அக்கா மகள். பதினாறு வயசுக்குக் கீழே உள்ளவர்கள் பெரிய வண்டியைத் தொடவே கூடாது என்று அமெரிக்காவில் வண்டியிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். இங்கே ஒன்பதாவது படிக்கிறவன் ஓட்டுவதை வீடியோ எடுத்துப் போட்டு "குட்டி விவசாயி" என்று பேர் வைப்பார்கள். அந்த வீடியோவுக்கு வருகிற லைக்கைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறதுங்க.

சரி, ஆபத்தை விடுங்க, ஜாக்கிரதையா ஓட்டிக்கறேன் என்கிறீர்களா? வேலைக் கணக்குக்கு வருவோம்.

விவசாய வண்டி என்றால் நான் முதலில் கேட்பது பிடிஓ இருக்கா, ஹைட்ராலிக் இருக்கா என்று. டிராக்டருக்கு மரியாதை அது இழுப்பதால் மட்டும் இல்லை, பின்னால் சுற்றுகிற அந்தத் தண்டால். ரோட்டவேட்டர் ஓடுவது அதில், மருந்தடிக்கும் பம்பு ஓடுவது அதில், தட்டு வெட்டும் மெஷின் ஓடுவது அதில். நாலு சக்கர பைக்கில் அது கிடையாது. உழ முடியாது, களை எடுக்க முடியாது, பார் கட்ட முடியாது. அப்போ மிச்சம் இருப்பது சுமை.

சுமையையும் பார்த்துவிடலாம். பண்ணைக்கென்றே செய்த பெரிய மாடலில் முன் கேரியருக்குச் சுமார் 40 கிலோ, பின் கேரியருக்குச் சுமார் 80 கிலோ. கொஞ்சம் சின்ன மாடலில் 30ம் 60ம்தான். யூரியா மூட்டை ஒன்று 45 கிலோ. ஆக, முன்னால் ஒரு மூட்டை வைத்தாலே கணக்கு மீறிவிடும். பின்னால் ஒரு மூட்டையும் ஒரு தட்டுக்கட்டும். டிரெய்லர் மாட்டினால் அரை டன் இழுக்கும், அது வாஸ்தவம். ஆனால் பிரேக் இல்லாத டிரெய்லர் இறக்கத்தில் பின்னால் இருந்து தள்ளும்.

எக்ஸெல்லில் 130 கிலோ என்று சொல்கிறார்களே, அதில் ஓட்டுகிறவர் எடையும் சேத்திதான். நாம் அதில் ஏற்றுகிற சுமை எந்தக் கணக்கிலும் வராது என்பதும் தெரியும். எக்ஸெல்லை நான் தெய்வமாக்கவில்லை. தேங்காய் நூறு கட்டிக்கொண்டு ஆடி ஆடிப் போய் விழுந்தவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. ஆனால் ஒன்றரை அடி வரப்பில் எக்ஸெல் போகும், நாலடி அகல வண்டி போகாது. மஞ்சக்காட்டில் சொட்டுநீர் டியூப் போட்டிருந்தால் அதன் மேல் ஏறித்தான் திரும்பணும். தென்னைக்கு 25 அடி இடைவெளி விட்டிருப்போம், அங்கே மட்டும் தாராளமாகப் போகலாம். பெங்களூர்த் தம்பிக்கு இந்த ஒரு சலுகை உண்டு.

டயரில் காற்று அஞ்சாறு பிஎஸ்ஐதான் இருக்கும். அதனால்தான் சேற்றிலும் மணலிலும் மிதக்கிறது. நம்ம காட்டில் சீமைக்கருவேல முள்ளு. அதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, நம்ம செருப்பைக் கேட்டால் சொல்லும். பஞ்சர் ஒட்ட ஊருக்குள் இருக்கிற கடைக்காரர் இந்த டயரைக் கையில் எடுத்ததே இருக்காது. எக்ஸெல்லுக்குச் சந்தைக்குச் சந்தை சாமான் கிடைக்கும், ஆட்டோ மெக்கானிக்கும் பிரிப்பார், சைக்கிள் கடைக்காரரும் பிரிப்பார். இதன் பெல்ட் போனால் எங்கே வாங்குவீர்கள்? பெரிய மாடல்களில் கியருக்குப் பதில் ரப்பர் பெல்ட்தான் இழுக்கும். சுமையோடு மெதுவாக நாள் முழுக்க இழுத்தால் அது சூடாகும், வாய்க்காலில் இறக்கித் தண்ணி போனால் வழுக்கும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே, 110 சிசி, 125 சிசி என்று சீனாவிலிருந்து வந்து பெட்டி பிரித்து மாட்டுவது, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது பிறந்தநாள் பரிசு.

காகிதம் இன்னொரு தலைவலி. "தோட்டத்துக்குள்ள ஓட்ட ஆர்சி வேண்டாம் சார்" என்பார்கள். சரிதான், ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு வீடும் தோட்டமும் காடும் ஒரே வேலிக்குள் இருக்கிறது? எனக்கு இருக்கிற அஞ்சு ஏக்கர் மூணு இடத்தில் கிடக்கிறது. வீட்டிலிருந்து மேக்காட்டுக்குப் போக ஊராட்சித் தார்ரோட்டில் முக்கால் கிலோமீட்டர் போகணும். ரோட்டில் ஏறினால் பதிவு வேணும், இன்சூரன்ஸ் வேணும். இது ரெண்டும் இல்லாத வண்டி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மேல் மோதினால் தோட்டத்தை விற்றுத்தான் கட்டணும். போலரிஸ் கம்பெனி ஸ்போர்ட்ஸ்மேன் 570 என்ற மாடலை இங்கே டிராக்டர் கணக்கில் பதிவு செய்கிற மாதிரி கொண்டுவந்தது. வந்தபோது விலை சுமார் 8 லட்சம். அந்தப் பணத்துக்குக் கீழேயே 24 எச்பி மினி டிராக்டர், நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி, பிடிஓவோடு வரும். பாக்கியில் ரோட்டவேட்டரும் ஒரு எக்ஸெல்லும் வாங்கிவிடலாம். பவர் டில்லர், பவர் வீடர் என்றால் வேளாண் பொறியியல் துறை மானியம் இருக்கிறது. சிறு குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம், மத்தவங்களுக்கு 40, அதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. "இதுக்கும் மானியம் வரும் சார்" என்று யாராவது சொன்னால், அதைக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்க. பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

முப்பது, நாப்பது ஏக்கர் ஒரே வளைவாகத் தென்னையோ காப்பியோ வைத்திருப்பவர், சரிவு நிலம், சுற்றி வர ஆள் இல்லை, அவருக்கு இது ஆகாது என்று சொல்ல மாட்டேன். அவர்கூடக் காசு இருந்தால் ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்கிற, மேலே கூண்டும் சீட் பெல்ட்டும் பின்னால் கொட்டுகிற தொட்டியும் உள்ள வண்டியைப் பார்க்கட்டும். ஆஸ்திரேலியாக்காரர்கள் அந்தப் பக்கம்தான் நகர்கிறார்கள். நாலு சக்கர பைக்கேதான் வேணும் என்றால் பின்னால் வளைவுக் கம்பி மாட்டி, பூட்டுச் சாவியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, ஹெல்மெட் போட்டு, தனியாகப் போகும்போது போனை வண்டியில் மாட்டாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓட்டட்டும்.

ஆசைக்கு வாங்குகிறேன் என்று ஒருத்தர் நேராகச் சொன்னால் அவரிடமும் எனக்குச் சண்டை இல்லை. ஆசைப்பட்டு ரேக்ளா மாடு வாங்குகிறவர் அது ஏர் ஓட்டும் என்று பொய் சொல்வதில்லை. என் சண்டை எல்லாம் ஆசைக்கு விவசாயம் என்று பேர் வைத்து, அதுக்காக அம்மாவின் சங்கிலியைச் சொசைட்டியில் பயிர்க்கடன் நகையாக வைப்பதோடுதான்.

பங்காளி மகனிடம் நான் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்கிறேன். உங்கள் வீட்டில் இப்போ அந்தச் சுமையைத் தூக்குவது யாரு? காட்டிலிருந்து கட்டுத்தரைக்குத் தட்டுக்கட்டு யார் தலையில் வருகிறது? அவன் பதில் சொல்லவில்லை. அவன் அம்மா தலையில்தான் வருகிறது. காலையில் ஒரு கட்டு, பொழுதோட ஒரு கட்டு. கழுத்து வலிக்கு ஒரு எண்ணெய் பாட்டில் எப்போதும் திண்ணையில் இருக்கும். இந்த வண்டி வந்தால் அந்தக் கட்டு அதில் வருமா? மகன் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை வரும். மத்த ஆறு நாளும் சாவி மகனிடம், கட்டு அம்மாவிடம். ஒரு குடும்பத்துக்கு எந்த வண்டி என்பதை அந்தச் சுமை யார் தலையில் இருக்கிறதோ அவர்தான் தேர்வு பண்ணணும். அவரை உட்கார வைத்து, ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, சிக்கிக்கொண்டால் தள்ள முடியுமா என்று பார்க்கச் சொல்லணும். ஓட்டுவதற்கு நாலு சக்கரம் அவருக்குச் சுலபம் என்பதை நான் மறுக்கவில்லை, பேலன்ஸ் வேண்டாம், கியர் வேண்டாம். ஆனால் சேற்றில் இறங்கிய 300 கிலோவை அவர் என்ன செய்வார்? இப்போ வருகிற எக்ஸெல்லில் பட்டன் ஸ்டார்ட் இருக்கிறது. எங்கள் வளவில் அம்பது வயசுக்கு மேல் மூணு பெண்கள் லைசென்ஸ் எடுத்து ஓட்டுகிறார்கள், பால் கேனோடு.

இதையெல்லாம் சொன்னால் கடைசியாக ஒரு பதில் வரும். "அண்ணா, எங்க தோட்டத்துக்குப் போற தடம் அப்படிங்க. மழை பேஞ்சா எக்ஸெல்லும் போகாது, டிராக்டரும் மாட்டிக்கும். அதுக்குத்தான் எல்லாத் தரையிலும் போற வண்டி."

இதுதாங்க உண்மையான காரணம், இதை ஒத்துக்கொள்கிறேன். இட்டேரி கெட்டுக் கிடக்கிறது. ரெண்டு பக்கமும் வேலிக்காரர்கள் ஒரு முழம் ஒரு முழமாக உள்ளே தள்ளி, மாட்டு வண்டி ரெண்டு எதிரெதிரே போன தடம் இன்றைக்கு ஒரு வண்டிக்கே இடிக்கிறது. வாய்க்கால் குறுக்கே போட்ட குழாய் உடைந்து, ஐப்பசியில் முழங்கால் சேறு. கரும்பு வெட்டினால் லாரி வராது, டிராக்டரில் அள்ளி ரோட்டுக்குக் கொண்டுவர ஒரு கூலி, அங்கிருந்து லாரியில் ஏற்ற இன்னொரு கூலி. மஞ்சள் நனையும். பிரசவத்துக்குத் துடிக்கிற மாட்டைப் பார்க்க டாக்டர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருவார்.

ஆனால் தடம் கெட்டது உங்கள் ஒருத்தருக்கு மட்டும் இல்லையே. உங்கள் ஒருத்தர் வண்டி அந்தச் சேற்றைத் தாண்டிவிட்டால், பின்னால் வருகிற பதினஞ்சு குடும்பம் அங்கேயே நிற்கும். இன்னும் சொல்லப்போனால், தாண்டிப் போக வழி கண்டுபிடித்தவர் அப்புறம் தடத்துக்காக வாய் திறக்க மாட்டார். காசுள்ளவர்கள் ஒவ்வொருத்தராக இப்படித் தனி வழி பார்த்துக்கொண்டுதான் ஊர்க் கிணறு தூர்ந்தது, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்தது. இட்டேரியும் அந்த வரிசையில் போகணுமா? எட்டு லட்ச ரூபாய்க்கு எத்தனை லோடு கிராவல் வரும், எத்தனை சிமென்ட் குழாய் வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்க. நம்ம கைக்காசைப் போடவும் வேண்டாம். வண்டிப்பாதை என்று எப்எம்பியில் இருக்கிறதா என்று பார்த்து, சர்வேயருக்கு எழுதி, அளந்து கல் நட்டு, கிராம சபையில் தீர்மானம் போட்டால் ஊராட்சி செய்தாக வேண்டும். மனு கொடுத்தவுடன் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. மனுவே கொடுக்காமல் ஷோரூமுக்குப் போகாதீங்க என்கிறேன்.

எங்கள் இட்டேரிக்கு மே 1 கிராம சபையில் வைக்க மனு எழுதியாச்சு. பதினேழு பட்டாதாரர்களில் பதினாலு கையெழுத்து விழுந்திருக்கிறது. பாக்கி மூணு பேரில் ஒருத்தர் திருப்பூரில் இருக்கிறார், வர்ற ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மத்த ரெண்டு பேர் வீட்டுக்கு நானும் பங்காளி மகனும் ரெண்டு தரம் போய்வந்தோம். வேலியை அதிகமாகத் தள்ளிப் போட்டவர்கள் அவர்கள்தான். காப்பி கொடுத்தார்கள், கையெழுத்துக்கு மட்டும் நாள் பார்க்கணுமாம்.